பன்னிரண்டாவது புள்ளி

கடிதம் பிரிப்பதில் ஜப்பானம்மாவுக்கு ஒரு முறை உண்டு. முதலில் உறையின் மேல் வந்த தேதியைப் பென்சிலால் குறிப்பாள். பிறகு மழுங்கிய பித்தளைக் கத்தியால் மேல் விளிம்பை அறுப்பாள். படித்து முடித்ததும் பதில் எழுத வேண்டிய வரிகளுக்குப் பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று எண் போடுவாள். முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு தபாலையும் அவள் மறுநாளைக்கு வைத்ததில்லை. அப்படிப்பட்டவள், அந்த மாதம் இருபதாம் தேதி வந்த தபாலில் பாதியை மட்டும் பிரித்தாள். மீதியை மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டி, சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஜப்பானம்மா என்பது தெரு வைத்த பெயர். பல்கலைக்கழகத்தில் ஜப்பானின் இடைக்கால வரலாறு சொல்லித் தருகிறாள் என்பதைத் தெருவில் யாரும் அவ்வளவு நீளமாகச் சொல்ல மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்ற கணவர் எக்ஸ்ரேக்காரர். "அவரு எலும்பைப் பாத்தாரு, இவங்க எலும்பாப் போனவங்களைப் பாக்கறாங்க. பொருத்தம்னா இதுதான் பொருத்தம்" என்பாள் எதிர்வீட்டுத் தையற்காரம்மா.

வந்த தபாலில் இருந்தவை இரண்டு. ஒன்று, நாலாக மடித்த கடிதம். இன்னொன்று, மார்பில் அணைத்துக்கொள்கிற அளவுக்கு அகலமான அட்டை உறை, நாலு பக்கமும் ஒட்டி, "படங்கள், மடிக்காதீர்" என்று எழுதியது. கடிதத்தை அவள் நின்றபடியே படித்தாள். பாதியில் உட்கார்ந்துவிட்டாள்.

எழுதியவர் ஜப்பானில் ஒரு மலையடிவாரக் கிராமத்துக் கல்தச்சர்.

"மதிப்புக்குரிய பேராசிரியருக்கு. எங்கள் கோயிலில் உள்ள பழைய சத்தியப் பத்திரத்தைக் கல்லில் வெட்டி நிறுத்தும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. பத்திரத்தில் நாற்பத்து மூன்று பேர் பெயர் இருக்கிறது. உங்கள் புத்தகத்தைப் படித்த ஊர்க் கமிட்டி, காட்டிக் கொடுத்த பதினோரு பேரையும் நீக்கிவிட்டு முப்பத்திரண்டு பெயரை மட்டும் வெட்டச் சொல்லியிருக்கிறது. பழைய எழுத்தை அப்படியே கல்லுக்கு மாற்ற வேண்டும் என்பதால் பத்திரத்தை அசல் அளவில் படம் எடுக்கச் சொன்னேன். ஒரு பிரதி உங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். அந்தப் பதினோரு பேரின் தலைக்கு மேல் கறுப்புப் புள்ளி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நானும் தேடினேன். எனக்குத் தெரியவில்லை. எனக்கு எழுபத்தெட்டு வயது, இரண்டு கண்ணிலும் புரை. ஆகவே என் கண்ணை நம்பாமல் உங்களை நம்புகிறேன். ஆனால் கல்லில் வெட்டியதை அழிக்க முடியாது, விட்டதை நடுவில் சேர்க்கவும் முடியாது. உளியை வைப்பதற்கு முன் ஒருமுறை கேட்டுக்கொள்வது என் வழக்கம். முப்பத்திரண்டுதானே? வரும் முதல் தேதி வேலையை ஆரம்பிக்கிறேன்."

கையெழுத்துக்குக் கீழே, எழுதலாமா வேண்டாமா என்று தயங்கி எழுதியது போல, இன்னும் ஒரு வரி: "முப்பதாவது பெயர் எங்கள் வீட்டுப் பெயர்."

வழக்கப்படி அவள் எண் போட வேண்டும். "எனக்குத் தெரியவில்லை" என்ற இடத்துக்குப் பக்கத்தில் பென்சிலைக் கொண்டுபோனாள். பென்சில் முனை தாளைத் தொடாமலே நின்றது. புரை விழுந்த கிழவருக்குப் புள்ளி தெரியவில்லை, அவ்வளவுதானே. இதற்குப் போய் ஏன் பென்சில் இப்படி நிற்க வேண்டும்?

ஏன் என்று அவளுக்குத் தெரியும். முப்பது வருஷமாகத் தெரியும்.

*

அவள் சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அந்த ஊர் நூலகத்தில் யாரோ தானமாகக் கொடுத்துவிட்டுப் போன ஒரு ஜப்பானிய அகராதி இருந்தது. அதை யாரும் எடுக்காததால் அவள் எடுத்தாள். அங்கே பிடித்த பைத்தியம்தான். படிப்பு, வேலை, ஆராய்ச்சி எல்லாம் அதன் பின்னாலேயே வந்தன. ஐந்நூறு அறுநூறு வருஷத்துக்கு முந்தைய பத்திரங்களில் எழுத்து ஒன்றோடொன்று பின்னி, கொடி படர்ந்த மாதிரி கிடக்கும். அதை அவள் பால் கணக்குச் சிட்டை மாதிரி படிப்பாள். ஆனால் ஜப்பானுக்குப் போனதே இல்லை. போக வாய்த்தபோது மாமியார் படுக்கையில், மறுபடி வாய்த்தபோது மகள் வயிற்றில். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

அதனால் எல்லாமே மைக்ரோபிலிம், பத்திரங்களைச் சுருளில் பிடித்த கறுப்பு வெள்ளைப் படங்கள். நூலகத்தின் கீழ்த்தளத்தில், இருட்டறையில், ஒரு பெட்டிக்குள் தலையை நுழைத்தபடி அவள் பத்திரம் பத்திரமாகப் பார்த்தாள். அப்படித்தான் அந்தக் கிராமத்துச் சத்தியம் அவள் கண்ணில் பட்டது.

ஐந்நூற்றெழுபது வருஷத்துக்கு முன்னால் நடந்தது அது. விளைச்சலில் பாதிக்கு மேல் பிடுங்கிய பண்ணை அதிகாரியை எதிர்த்து நாற்பத்து மூன்று குடியானவர்கள் ஒன்றாகச் சத்தியம் செய்தார்கள். எழுதிய பத்திரத்தின் ஒரு படியை எரித்து, சாம்பலைத் தண்ணீரில் கரைத்து ஆளுக்கொரு வாய் குடித்தார்கள். இன்னொரு படியைச் சுருட்டிக் கோயிலில் வைத்தார்கள். எழுதத் தெரியாதவர்கள் பெயருக்கடியில் ஒரு வட்டமோ பெருக்கல் குறியோ போட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் அதிகாரியின் ஆட்கள் வந்தார்கள். ஊர்த்தலைவரின் தலை பாலத்துக்குப் பக்கத்தில் நட்ட கம்பில் இருந்தது. யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார்?

மைக்ரோபிலிமில் சில பெயர்களுக்கு மேல் மட்டும் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. மூன்றாவது பெயர், ஏழாவது, பதினொன்றாவது, பதினைந்தாவது. நாலு பெயருக்கு ஒரு புள்ளி. இருபத்தேழுக்கு அப்புறம் மூன்று பெயருக்கு ஒன்று. மொத்தம் பதினொன்று. அவளுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. பெட்டிக்குள் தலையை விட்டபடியே அவளுக்குப் புல்லரித்தது. அதிகாரி நாலு வீட்டுக்கு ஒருத்தனைக் கைக்குள் போட்டு வைத்திருந்திருக்கிறான். பத்திரம் அவன் கைக்குப் போனபோது தன் ஆட்களுக்கு நேரே குறி போட்டிருக்கிறான். கடைசியில் மூன்று வீட்டுக்கு ஒருத்தன் ஆனது ஏன்? அவர்கள் மலைமேட்டு ஏழைகள், குழுக்கள் சின்னவை. இதற்கும் அவள் ஆதாரம் தேடி எழுதினாள். இருபத்து மூன்று பக்கம்.

"நாலு வீட்டுக்கு ஒருவன்" என்ற அந்தப் புத்தகம் அவளை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தியது. ஆறு மொழிகளில் வந்தது. உளவு பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அந்தப் பதினோரு பேரையும் மேற்கோள் காட்டினார்கள்.

ஒன்றே ஒன்று இடித்தது. பன்னிரண்டாவதாக ஒரு புள்ளி இருந்தது. அது யார் தலைக்கு மேலும் இல்லை. நாற்பத்தொன்றாவது பெயருக்கும் நாற்பத்திரண்டாவது பெயருக்கும் நடுவே, வெற்றுத் தாளில், யாருடையதும் இல்லாமல் நின்றது. அப்போது புதுக் கல்யாணம். மைக்ரோபிலிமிலிருந்து எடுத்த நகலைப் பார்த்த எக்ஸ்ரேக்காரர், "இது யாரு, வீடு தெரியாத ஆளா நடுவுல நிக்கறது?" என்று கேட்டார்.

"மை சிந்தியிருக்கும்."

"எங்க ஆஸ்பத்திரியில ஒரு பக்கம் மட்டும் படம் எடுத்தா டாக்டர் மூஞ்சியிலயே விசிறியடிப்பாரு. பக்கவாட்டுல இன்னொண்ணு எடுக்கணும். இதுக்கும் பக்கவாட்டுல ஒண்ணு எடுக்கச் சொல்லேன்."

"ஐந்நூறு வருஷத்துத் தாளைப் புரட்டிப் படுன்னு சொல்ல முடியுமா?" என்று அவள் சிரித்தாள். புத்தகத்தின் அடிக்குறிப்பு எண்பத்தெட்டில், "மை சிந்தல்" என்று இரண்டே சொல் எழுதி அதன்மேல் கல்லைத் தூக்கி வைத்தாள். கல் அசையாமல்தான் இருந்தது, இருபதாம் தேதிவரை.

*

உறை இழுப்பறையிலேயே கிடந்தது. இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்து மூன்று. அந்த அறைக்குள் போகாமலிருக்க அவள் விடைத்தாள்களைச் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவந்தாள். பேனா அந்த அறையில் இருந்தது என்பதற்காகப் புதுப் பேனா வாங்கினாள். பூட்டிய மரத்துக்குள்ளிருந்து ஏதோ மெல்லக் கொறிக்கிற சத்தம் கேட்பது போலிருக்கும். காதை வைத்துக் கேட்டால் ஒன்றுமிருக்காது.

இருபத்து நாலாம் தேதி துறைத்தலைவர் கூப்பிட்டனுப்பினார். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர். எதற்கும் குதூகலம் குறையாதவர். அந்த மாதத்தோடு அவள் ஓய்வு பெறுகிறாள். அடுத்த மாதம் இரண்டாம் தேதி பாராட்டு விழா. விழாவில் புத்தகத்தின் மறுபதிப்பும் வருகிறது.

"மேடம், கண்ணை மூடுங்க."

"எதுக்கு தம்பி?"

"மூடுங்கன்னா. ம், இப்பத் திறங்க."

புத்தகத்தின் அட்டை மாதிரி. வெள்ளைத் தாளில் பதினோரு புள்ளிகள், ஒவ்வொன்றும் கட்டைவிரல் நுனி அளவுக்குப் பெரிதாக்கி, கறுகறுவென்று. வேறு படமே இல்லை. பதினோரு கண்கள் தன்னைப் பார்ப்பது போல அவளுக்குத் தோன்றியது.

"எப்படி? பார்த்தாலே ஒரு திகில் வருதுல்ல?"

"வருது" என்றாள் அவள்.

"விழாவுல பேச உங்களுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருக்கேன். அதே கதைதான் மேடம், நாலு வீட்டுக்கு ஒருத்தன். நீங்க அதைச் சொல்லும்போது நான் எத்தனை தடவை கேட்டாலும் பக்கத்துல உக்காந்திருக்கறவனை ஒரு தடவை திரும்பிப் பாத்துக்குவேன்." அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் சிரித்தாள். அவளுடைய சிரிப்பு யாரோ பக்கத்து அறையில் சிரிப்பது போல அவள் காதில் விழுந்தது.

படியிறங்கும்போது அவளுக்கு அந்தப் பதினோரு பேரும் நினைவுக்கு வந்தார்கள். முப்பது வருஷமாக அவர்களை அவள் ஒரே கோலத்தில்தான் நினைத்திருக்கிறாள்: முதுகைக் காட்டிக்கொண்டு, வரப்போரமாக, அதிகாரி வீட்டுப் பக்கம் பதுங்கிப் போகிறவர்கள். இன்றைக்கு அவர்கள் நின்றுவிட்டார்கள். இன்னும் திரும்பவில்லை. திரும்பிவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தபடி அவள் மீதிப் படிகளை வேகமாக இறங்கினாள்.

*

இருபத்தெட்டாம் தேதி காலை, காபி டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு எக்ஸ்ரேக்காரர் எதிரில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. உடம்புக்கு ஏதாவதா? ரிப்போர்ட் ஏதாவது வந்து ஒளிச்சு வெச்சிருக்கியா?"

"ஏன்?"

"நாப்பது வருஷம் ஆஸ்பத்திரியில இருந்தவன்டி நான். ரிசல்ட்டுக் கவரைப் பிரிக்காம மடியில வெச்சிட்டு உக்காந்திருக்கறவங்க மூஞ்சி எனக்குத் தெரியாதா? எட்டு நாளா உனக்கு அந்த மூஞ்சிதான்."

அவள் கைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

அவர் உறையைக் கொண்டுவந்து கத்தரிக்கோலால் ஒரே வெட்டு வெட்டினார். உள்ளே ஒன்பது பெரிய படங்கள். வண்ணப் படங்கள், அசல் அளவு, ஓரத்தில் அளவுகோல் வைத்து எடுத்தவை. ஒன்றின் முடிவும் அடுத்ததின் ஆரம்பமும் பொருந்தும்படி எடுத்திருந்தார்கள். இருவரும் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு, பத்திரம் ஓடுகிற திசைப்படி வலமிருந்து இடமாக வரிசையாகப் பரப்பினார்கள். மேஜை போதாமல் கடைசிப் படத்துக்கு நாற்காலி போட வேண்டியிருந்தது.

அவள் குனிந்து மூன்றாவது பெயரைப் பார்த்தாள். பெயர் இருந்தது. புள்ளி இல்லை.

ஏழாவது. இல்லை. பதினொன்று. இல்லை. மேஜையைச் சுற்றி அவள் கிட்டத்தட்ட ஓடினாள். பதினைந்து, பத்தொன்பது, இருபத்து மூன்று, முப்பது. எங்குமே இல்லை. முப்பது வருஷம் அவள் பார்த்த புள்ளிகள், நாலு நாள் முன்புகூட அட்டையில் கறுகறுவென்று முறைத்த புள்ளிகள், துடைத்துவிட்டது போலப் போய்விட்டன.

"அழிச்சிட்டாங்க" என்றாள். "அந்தக் கல்தச்சர்தான். அவர் வீட்டுப் பேரும் இதுல இருக்கு. சுரண்டி எடுத்திருக்காங்க."

எக்ஸ்ரேக்காரர் நிமிர்ந்தார். உள்ளே போய்ப் பூதக்கண்ணாடியையும் அவளுடைய பழைய மைக்ரோபிலிம் நகலையும் எடுத்துவந்தார். நகலையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முப்பதாவது பெயரின் தலைமேல் கண்ணாடியைப் பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு காலத்தில் மார்புப் படத்தை அப்படித்தான் பார்த்திருப்பார். நல்ல செய்தியாக இருந்தால் அவர் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள மாட்டார்.

"இங்க வா. பழைய படத்துல இந்த இடம் கறுப்பு. புதுசுல இதே இடம் வெள்ளை. ஆனா சும்மா வெள்ளை இல்ல, ஓரத்துல ஒரு நிழல் விழுது பாரு. பழைய படம் எடுக்கும்போது கீழ என்ன விரிச்சிருந்தாங்க?"

"கறுப்புத் துணி. அப்பல்லாம் அதான் வழக்கம்."

"இப்ப வெள்ளைத் தாள் விரிச்சிருக்காங்க." அவர் கண்ணாடியைக் கீழே வைத்தார். "ரெண்டு படத்துலயும் ரெண்டு நிறமாத் தெரியுதுன்னா அது தாள் மேல இருக்கற சமாசாரம் இல்ல. தாளுக்குப் பின்னாடி இருக்கறது. இது மை இல்லம்மா. ஓட்டை."

அவள் வாயைத் திறந்தாள். பதில் கைவசம் இருந்தது. "ஓட்டைன்னா கண்டபடி இருக்கணும். இது நாலு பேருக்கு ஒண்ணுன்னு ஒழுங்கா எப்படி வரும்?" சொல்லி முடிக்கும்போதே அவளுக்கு அந்தப் பதிலில் நம்பிக்கை போய்விட்டது. ஏனென்றால் அவர் எழுந்து சமையலறைக்குப் போய், அலமாரித் தட்டில் விரிக்கிற தாளில் ஒரு முழத்துக்கு மேல் கிழித்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

சுருளை மேஜையில் வைத்து, கோணி தைக்கிற ஊசியால் மேலிருந்து ஒரே குத்து. பிறகு விரித்தார். ஒரே உயரத்தில், வரிசையாக, ஓட்டைகள். வெளிச்சுற்றில் தள்ளித் தள்ளி, உள்ளே போகப் போக நெருங்கி.

"பூச்சிக்கு ஏதும்மா வீடு வாசல்? சுருட்டி வெச்ச பத்திரத்துல ஒரு பக்கம் நுழைஞ்சு நேரா உள்ள போயிருக்கு."

அவள் அளவுகோலை எடுத்தாள். அது தேவையே இல்லை. ஆனாலும் அளக்காமல் எதையும் ஒப்புக்கொள்ள அவளுக்குத் தெரியாது. முதல் ஓட்டைக்கும் இரண்டாவதற்கும் பதினொன்று புள்ளி இரண்டு சென்டிமீட்டர். அடுத்தது பத்து புள்ளி ஒன்பது. அடுத்தது பத்து புள்ளி ஆறு. பத்து புள்ளி மூன்று. ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று மில்லிமீட்டர் குறைவு. கடைசிப் பக்கம் இடைவெளி குறையக் குறைய, நாலு பெயருக்கு ஒன்று என்பது மூன்று பெயருக்கு ஒன்று ஆகியிருந்தது. மலைமேட்டு ஏழைகள். சின்னக் குழுக்கள். இருபத்து மூன்று பக்கம்.

கடைசியாக, பதினொன்றாவது ஓட்டையிலிருந்து எட்டு புள்ளி இரண்டு சென்டிமீட்டர் அளந்து விரலை வைத்தாள். விரல் நின்ற இடம் நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவே இருந்தது. வீடு தெரியாத ஆள் தன் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தான்.

வரப்போரம் நின்றிருந்த பதினோரு பேரும் அப்போதுதான் திரும்பினார்கள். சாதாரண முகங்கள். மற்றவர்களோடு சேர்ந்து சாம்பல் தண்ணீரைக் குடித்துவிட்டு, மற்றவர்களைப் போலவே பயந்துகொண்டு வீட்டுக்குப் போனவர்கள். அவர்கள் கோபப்படாமல் அவளைப் பார்த்தார்கள். கோபப்பட்டிருந்தால் தேவலை.

*

அன்று மத்தியானமே அவள் பதில் எழுத உட்கார்ந்தாள். வழக்கம் போல முதலில் மாதிரி. எழுதியதும் அதைப் படித்துப் பார்த்தாள்.

"தங்கள் கடிதமும் படங்களும் கிடைத்தன. நான் பார்த்த பழைய படங்களில் பதினோரு பெயர்களுக்கு மேலும் கரிய குறிகள் தெளிவாகத் தெரிந்தன. அந்த இடங்களில் தாள் இப்போது சேதமுற்றிருப்பதால் படங்களைக் கொண்டு மேற்கொண்டு எதுவும் உறுதியாகச் சொல்ல இயலாது."

மூன்று வாக்கியம். ஒன்றில்கூடப் பொய் இல்லை. படிக்கிறவன் என்ன நினைப்பான்? குறி இருந்தது, பூச்சி அதைத் தின்றுவிட்டது, பேராசிரியர் சொன்னது சொன்னதுதான். கமிட்டி முப்பத்திரண்டோடு நிற்கும். இரண்டாம் தேதி விழா நடக்கும். அதற்கப்புறம் அவளுக்கு எத்தனை வருஷம்? அதுவரை யாரும் ஊசியையும் சுருளையும் எடுத்துக்கொண்டு வராமலா போய்விடுவார்கள்? வராமலும் போகலாம்.

இவ்வளவு சுலபமாக இது எப்படி வந்தது என்பதுதான் அவளை நடுக்கியது. ஒரு அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. அதிகாரிகளின் பழைய கடிதங்களில் இப்படிப்பட்ட மூன்று வாக்கியங்களைப் பார்த்தாலே, "இவன் எதையோ மறைக்கிறான்" என்று ஓரத்தில் கோடு போடுகிறவள் அவள்.

ஆனாலும் சுத்தப் பிரதி எடுத்தாள். இருபத்தொன்பதாம் தேதி, எக்ஸ்ரேக்காரர் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு தபாலாபீசுக்குப் போனாள்.

வழியில் எதிர்வீட்டுத் தையற்காரம்மா நிறுத்தினாள். "என்னம்மா, மூஞ்சியில ஈயாடல? ஓய்வுன்னதும் கவலையா? வந்து எங்கிட்ட பட்டன் தைங்க."

"வரேன், வரேன்" என்று சொல்லி அவள் நடையை எட்டிப் போட்டாள்.

தபாலாபீஸ் எழுத்தர் உறையை எடை போட்டார், திருப்பிப் பார்த்தார். "அவ்வளவு தூரமா? எட்டு நாள் ஆகும்."

"ஒண்ணாம் தேதிக்குள்ள போகாதா?"

"நாளன்னைக்கு ஒண்ணாம் தேதி வந்துருதும்மா. பறவை கழுத்துல கட்டி விட்டாலும் போகாது."

அப்போது அவளுக்குள் ஒன்று நடந்தது. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் சட்டென்று இறங்கியது. எட்டு நாள். அதற்குள் கல்தச்சர் உளியை வைத்திருப்பார். எதை எழுதினாலும் இனி நேரமில்லை. முடிந்தது. தபாலின் தவறு, தூரத்தின் தவறு, யாருடையதும் இல்லை. ஒன்பது நாளில் முதன்முறையாக அவளுக்கு மூச்சு முழுதாக வந்தது.

அந்த மூச்சுதான் அவளைப் பயமுறுத்தியது. உறையைப் பிரிக்கப் பயந்தது, படங்களைப் பார்க்கப் பயந்தது, எல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. எதற்காக அந்த உறை எட்டு நாள் இழுப்பறையில் கிடந்தது? பயத்தால் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். நேரம் தீர்ந்துபோகட்டும் என்றா காத்திருந்தாள்? முப்பது வருஷமாகத் தேடிய உளவாளி, நல்ல காட்டன் புடவை கட்டிக்கொண்டு, தபாலாபீஸ் ஜன்னலில் நிற்கிறாளா?

"ஸ்டாம்பு ஒட்டட்டுமாம்மா?"

"வேண்டாம். கொடுங்க" என்று உறையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள்.

*

கல்தச்சரின் கடிதத் தாளின் தலையில் தொலைபேசி எண் அச்சாகியிருந்தது. அதை அவள் முதல் நாளே பார்த்திருந்தாள். பார்க்காதது போல இருந்துவிட்டாள். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஜப்பானியத்தை அவள் தண்ணீர் பட்ட பாடாகப் படிப்பாளே தவிர, இன்றைய ஜப்பானியத்தில் வாய்விட்டுப் பேசியதெல்லாம் ஐந்தாறு முறைதான்.

"நான் பேசட்டுமா?" என்றார், அவள் வீடு திரும்பிப் போன் பக்கத்திலேயே நிற்பதைப் பார்த்த எக்ஸ்ரேக்காரர்.

"உங்களுக்கு ஒரு வார்த்தை தெரியுமா?"

"தெரியாது. ஆனா எனக்குப் பயமில்லையே."

அவள் எண்ணை அழுத்தினாள். முதல் முறை தப்பாகப் போனது. இரண்டாம் முறை மணி அடித்தது. மறுமுனையில் ஒரு இளம்பெண்ணின் குரல். அவளுக்குத் தெரிந்த ஜப்பானியம் பத்திர ஜப்பானியம், அதனால் வாயில் வந்ததும் அதுதான்: "தொலைதேசத்திலிருந்து எளியவள் பணிந்து விண்ணப்பிப்பது யாதெனில்..."

அந்தப் பக்கம் வாயைக் கையால் பொத்திக்கொண்ட சிரிப்பு. "மாமா! உங்களுக்கு யாரோ ராஜா காலத்து ஆளு பேசறாங்க!"

தூரத்தில் டக், டக், டக் என்று ஒரே சீராக ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது உளிச் சத்தம் என்று அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. ஆரம்பித்துவிட்டார். சத்தம் நின்றது. காலடிகள். ஒரு கரகரத்த குரல்.

"சொல்லுங்க."

"நாற்பத்து மூன்று" என்றாள். வணக்கம் சொல்லவில்லை, பெயர் சொல்லவில்லை. "முப்பத்திரண்டு இல்லை. நாற்பத்து மூன்று. வெட்டிவிட்டீர்களா?"

"யாரு... பேராசிரியரா?"

"வெட்டிவிட்டீர்களா?"

"இல்ல, இது வேற கல்லு. உளி பதம் பாத்துட்டிருந்தேன். அதுல கோடு மட்டும்தான் போட்டு வெச்சிருக்கேன்." பிறகு மெதுவாக, "நாப்பத்து மூணா?"

"புள்ளி இல்லை. அது பூச்சி அரித்த ஓட்டை. பழைய படத்தில் கறுப்பாகத் தெரிந்தது. நான் மை என்று நினைத்தேன். உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. கோளாறு என்னுடையது."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்ட வேண்டும் என்றுகூட இருந்தது.

"அப்போ எழுத்தைச் சின்னதாக்கணும்" என்றார் கல்தச்சர். "முப்பத்திரண்டுக்கு அளந்த கல்லு. கோட்டை அழிச்சிட்டு மறுபடி போடணும். நாலு நாள் பிடிக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "எங்க அப்பா உங்க புத்தகம் வந்தப்புறம் கோயில் பக்கம் போகல. சாகறவரைக்கும் போகல" என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது, கல்லின் அளவைச் சொன்ன அதே குரல்தான்.

மன்னிப்புக் கேட்கிற சொற்கள் பத்திர மொழியில் ஏராளம். எல்லாம் அதிகாரியின் காலில் விழுகிறவர்களின் சொற்கள். ஒன்றும் உதவவில்லை.

"சரி, இந்தப் பதினோரு பேரும் இல்லேன்னா" என்று அவர் கேட்டார், "காட்டிக் கொடுத்தது யாரு?"

"தெரியாது."

"அப்போ நாப்பத்து மூணு பேர்ல யாரா வேணும்னாலும் இருக்கலாம்."

"இருக்கலாம். இவர்களில் யாரும் இல்லாமலும் இருக்கலாம்."

"ம்." அவர் யோசித்தார். "கமிட்டிக்கு எழுத்துல வேணும். என் வாய்வார்த்தை எடுபடாது. எங்க வீட்டுப் பேரு அதுல இருக்கில்ல? உங்க கையெழுத்தோட அனுப்புங்க. வர்றவரைக்கும் நான் உளியைத் தொட மாட்டேன்."

"இன்றைக்கே எழுதுகிறேன். பத்திரிகைகளுக்கும் எழுதுகிறேன்."

போனை வைத்தபோது அவளுடைய ரவிக்கை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. பயம் போகவில்லை. இடம் மாறி உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். ஆறு மொழிகள், இரண்டாம் தேதி, முக்கால் மணி நேரப் பேச்சு, பக்கத்தில் இருப்பவனைத் திரும்பிப் பார்க்கிற துறைத்தலைவர். கைப்பையிலிருந்து அந்த மூன்று வாக்கியக் கடிதத்தை எடுத்து எக்ஸ்ரேக்காரரிடம் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு அவளை ஒரு முறை பார்த்தார். நாலாகக் கிழித்தார்.

"அடுத்தது யாரு?"

"தலைவர்."

"உக்காந்துட்டுப் பேசு" என்று நாற்காலியை நகர்த்திப் போட்டார். "அவரையும் உக்காரச் சொல்லு."

ஒரே மணியில் துறைத்தலைவர் எடுத்துவிட்டார். "மேடம்! ஆயுசு நூறு உங்களுக்கு. இப்பத்தான் அச்சகத்துலேருந்து அட்டை வந்து இறங்குது. ஆயிரம் பிரதி! புள்ளி பதினொண்ணும் சும்மா பளிச்சுனு விழுந்திருக்கு!"

அவள் கண்ணை மூடித் திறந்தாள். மேஜைமேல் விரித்த தாளில், ஊசி குத்திய ஓட்டைகள் வழியாக மேஜையின் மரம் தெரிந்துகொண்டிருந்தது.

"பன்னிரண்டு, தம்பி" என்றாள். "உக்காருங்க, சொல்றேன்."